அரை அவுன்ஸ் கடிதம்: அமெரிக்கா போன ஐரிஷ் அக்காவும் ஊரில் இருந்த தங்கையும்

அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ் பெண் ஊரிலிருந்த தங்கைக்கு எழுதிய கடிதங்கள் ஒரு கட்டாகக் கிடைத்தால், அநேகமாக நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கும். ஐந்தாறு வருடம் தவறாமல் வந்தது சட்டென்று நின்றிருக்கும். கல்யாணம் ஆனதும் மறந்துவிட்டாள், நாலு காசு பார்த்ததும் மாறிவிட்டாள் என்று குடும்பத்துக்குள் ஒரு கதை தலைமுறை தலைமுறையாக ஓடும். அந்தக் காலத்துத் தபால் விதிகளையும் வீட்டுவேலைக்காரப் பெண்ணின் வேலை நேரத்தையும் பெயர் வைக்கும் வழக்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே கட்டைப் படித்தால், இந்தக் கதையை நம்ப முடிவதில்லை. அவள் வேலை பார்த்த வீடு மாறியிருக்கும். பெயர் மாறியிருக்கும். கடிதத்தின் எடை கூடியிருக்கும். எழுதிக் கொடுத்தவர் ஊரை விட்டுப் போயிருப்பார். தொடர்பைக் காப்பாற்றுவது காசும் நேரமும் கணக்கும் பிடித்த ஒரு வேலை. அந்த வேலை எப்படி நடந்தது, எங்கெங்கே தடைப்பட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் பட்டினியாலும் காய்ச்சலாலும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவுக்குமேல் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பஞ்சம் முடிந்த பிறகும் போக்கு நிற்கவில்லை. நிலத்தை இனிமேல் துண்டு போட முடியாது என்றாகி, ஒரு மகனுக்கு நிலம், ஒரு மகளுக்குச் சீதனம், மற்றவர்களுக்குக் கப்பல் என்பது வழக்கமாகிவிட்டது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து போனவர்களில் ஆண்களே அதிகம். அயர்லாந்திலிருந்து போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் கல்யாணமாகாத, இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். கணவனோடும் அப்பாவோடும் போகவில்லை, முன்னால் போன அக்காவிடம் போனார்கள். 1900-இல் அமெரிக்காவில் வேலை பார்த்த ஐரிஷ் பிறப்புப் பெண்களில் பாதிக்குமேல் வீட்டுவேலையில் இருந்தார்கள். எஜமானி வீட்டிலேயே சாப்பாடு, மாடியிலோ நிலவறையிலோ ஒரு படுக்கை, மாதச் சம்பளம். கடிதம் எழுதியவள் இவள்தான்.

எடையும் காசும்

1840 ஜனவரியில் பிரிட்டனும் அயர்லாந்தும் முழுக்க அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரு பென்னி என்று விதி வந்தது. அதே ஆண்டு ஜூலையில் கியூனார்டு நிறுவனத்தின் பிரிட்டானியா என்ற நீராவிக் கப்பல் தபாலோடு லிவர்பூலிலிருந்து ஹாலிஃபாக்ஸ் வழியாக பாஸ்டனுக்குப் புறப்பட்டது. ஆனால் கடல் கடக்க ஒரு பென்னி போதாது. 1848 டிசம்பரில் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அரை அவுன்ஸுக்கு 24 சென்ட், அதாவது ஒரு ஷில்லிங் (12 பென்னி). அதில் 5 சென்ட் அமெரிக்க உள்நாட்டுக் கட்டணம், 16 சென்ட் கப்பலுக்கு, 3 சென்ட் பிரிட்டிஷ் உள்நாட்டுக் கட்டணம்.

1850களில் நியூயார்க்கில் வீட்டுவேலைப் பெண்ணின் சம்பளம் பெரும்பாலும் மாதம் 4 முதல் 8 டாலருக்குள் இருந்தது. 6 டாலர் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 20 சென்ட். ஒரு கடிதம் அனுப்ப ஒரு நாள் சம்பளம் முழுவதும் போய், அதற்கு மேலும் கொஞ்சம் ஆகும். மறுகரையில் நிலைமை இன்னும் மோசம். அயர்லாந்தில் விவசாயக் கூலியாளின் ஒரு நாள் கூலி ஒரு ஷில்லிங்கை ஒட்டியோ, பல மாவட்டங்களில் அதற்குக் கீழேயோதான் இருந்தது.

அரை அவுன்ஸ் என்பது 14 கிராம் சொச்சம், இரண்டு பவுன் நகைக்குக் கொஞ்சம் குறைவு. இன்றைய 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். ஆக உறை, அரக்கு, உள்ளே வைக்கும் பணச்சீட்டு எல்லாம் சேர்த்து மூன்று தாள் எடைகூட வரக்கூடாது. வெளிநாட்டுக்கென்றே மெல்லிய தாள் கடைகளில் விற்றார்கள். அதிலும் இடம் பற்றாதபோது குறுக்கெழுத்து எழுதினார்கள்: பக்கத்தை வழக்கம்போல நிரப்பிவிட்டு, தாளைக் கால்வட்டம் திருப்பி, முதலில் எழுதிய வரிகளுக்குக் குறுக்காக மறுபடி முழுப் பக்கமும் எழுதுவது. பார்க்கக் கம்பிவலை போல இருக்கும். பழகிய கண்ணுக்குப் படிக்க வரும்.

எடையில் தவறினால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். 1848 ஒப்பந்தத்தின்படி அனுப்புகிறவர் முழுக் கட்டணமும் கட்டலாம், அல்லது ஒன்றும் கட்டாமல் பெறுகிறவர் தலையில் விடலாம். பாதி கட்டினால் அது கணக்கில் வராது. அக்கா 24 சென்ட் ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறாள், ஆனால் கடிதம் அரை அவுன்ஸைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 24 சென்ட் போனது போனதுதான். தங்கை தபால் நிலையத்தில் இரண்டு ஷில்லிங் முழுதாகக் கட்டினால்தான் கடிதம் கைக்கு வரும். கட்ட வழியில்லாமல் கடிதத்தை வாங்காமல் திரும்பிய குடும்பங்கள் உண்டு. அக்காவுக்கு அது தெரிய வழியில்லை. பதில் வரவில்லை என்பது மட்டும் தெரியும். மௌனம் இப்படியும் தொடங்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் இன்னொரு சிக்கல். அமெரிக்கக் காகித டாலரின் மதிப்பு சரிந்தது. ஸ்டாம்பு இல்லாமல் அயர்லாந்திலிருந்து வந்த கடிதத்துக்கு வெள்ளி நாணயமாகத் தந்தால் ஒரு தொகை, காகிதப் பணமாகத் தந்தால் அதைவிடப் பெரிய தொகை என்று 1863 முதல் அமெரிக்கத் தபால்துறை வசூலித்தது. அந்த வருட உறைகள் சிலவற்றில் இரண்டு தொகைகளும் குத்தப்பட்டிருப்பதைப் பார்க்கலாம்.

பிறகு கட்டணம் படிப்படியாக இறங்கியது. 1868-இல் 12 சென்ட் அல்லது 6 பென்னி. 1870-இல் 6 சென்ட் அல்லது 3 பென்னி. பெர்ன் நகரில் கையெழுத்தான பொதுத் தபால் ஒன்றியம் நடைமுறைக்கு வந்த 1875-இல் 5 சென்ட் அல்லது இரண்டரை பென்னி. 1908 அக்டோபர் 1 முதல் ஒரு முழு அவுன்ஸுக்கே 2 சென்ட் அல்லது ஒரு பென்னி. வாரச் சம்பளமே 4, 5 டாலர் வாங்கும் காலத்தில் 2 சென்ட் ஒரு பொருட்டல்ல. அதனால் 1908-க்குப் பிறகு வந்த நீண்ட மௌனத்துக்குத் தபால் செலவைக் காரணம் சொல்ல முடியாது. வேறு இடத்தில் தேட வேண்டும்.

வியாழன் பிற்பகல்

வீட்டுவேலைப் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு அரைநாள், பெரும்பாலும் வியாழன் பிற்பகல், பிறகு ஒன்றுவிட்ட ஞாயிறு. விடுமுறை அவ்வளவுதான். தேவாலயப் பூசை, துணி வாங்குவது, தோழிகளைப் பார்ப்பது, வங்கி, கடிதம் எல்லாம் இதற்குள். இதில் 1863 ஜூலைக்கு முன்னால் அமெரிக்க நகரங்களில் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது இலவசமல்ல. தனியாகக் காசு தர வேண்டும், இல்லாவிட்டால் தபால் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று கேட்க வேண்டும். கேட்கப்படாத கடிதங்களின் பெயர்ப் பட்டியலைப் பத்திரிகையில் அச்சிடுவார்கள், பெண்களுக்குத் தனிப் பட்டியல். பட்டியலில் வந்த கடிதத்தை வாங்க ஒரு சென்ட் கூடுதல். அப்போதும் யாரும் வராவிட்டால் அது வாஷிங்டனில் உள்ள உரியவர் இல்லாக் கடிதங்களின் அலுவலகத்துக்குப் போய்விடும். பத்திரிகை வாங்காத, அல்லது எழுத்துக் கூட்டத் தெரியாத பெண்ணுக்குத் தன் பெயர் அச்சில் வந்திருப்பதே தெரியாது.

கப்பல் நாளும் பார்க்க வேண்டும். எந்தக் கப்பலுக்கு எத்தனை மணிக்குத் தபால் பை கட்டுகிறார்கள் என்று துறைமுக நகரப் பத்திரிகைகள் தினமும் போடும். ஒரு கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது வரை காத்திருப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கடல் கடக்க 10 முதல் 12 நாள், 1880களில் 7 அல்லது 8, 1907-இல் லூசிடேனியாவும் மாரிடேனியாவும் வந்தபின் ஐந்து நாளுக்கும் குறைவு. இரண்டு பக்கமும் தரைவழிப் பயணம், பதில் எழுத ஆள் பிடிக்கும் நாள் எல்லாம் சேர்த்தால், எழுதிய கடிதத்துக்குப் பதில் கையில் கிடைக்க ஒரு மாதத்திலிருந்து ஆறு வாரம். ஆஸ்திரேலியாவுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. 1848 முதல் 1850 வரை அயர்லாந்தின் ஏழைகள் விடுதிகளிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட அநாதைப் பெண்களைச் சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு துறைமுகங்களுக்கு அனுப்பினார்கள். பாய்மரக் கப்பலில் ஒரு வழிக்கே மூன்று, நான்கு மாதம் ஆகும். கேள்விக்குப் பதில் வருவதற்குள் கேட்டவளுக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளையும் பிறந்திருக்கும்.

அமெரிக்க முகவரிதான் இந்தச் சங்கிலியின் மிகப் பலவீனமான கண்ணி. எஜமானி வீட்டு முகவரியைத் தந்தால், வேலை மாறியதும் அது செத்த முகவரி. இந்தப் பெண்கள் வேலை மாறுவது மிகச் சாதாரணம். சண்டையோடு வெளியேறியவளின் கடிதத்தைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்பும் எஜமானி அரிது. பணக்காரக் குடும்பங்கள் கோடையில் நியூபோர்ட் போன்ற கடற்கரை ஊர்களுக்கு வேலைக்காரர்களோடு போய்விடுவதால், அந்த மாதங்களில் நகர வீட்டுக்கு வந்த கடிதம் பூட்டிய கதவுக்கு உள்ளே கிடக்கும். விவரம் தெரிந்த பெண்கள் எஜமானி முகவரியை எழுதவே மாட்டார்கள். சொந்தமாகக் குடித்தனம் நடத்தும் ஒரு சித்தி, ஒன்றுவிட்ட அக்கா, அல்லது பங்குக் கோயில் (அந்தப் பகுதியின் கத்தோலிக்கத் தேவாலயம்) மேற்பார்வை என்று நகராத ஓர் இடத்தைத் தருவார்கள். ஒரு கடிதக் கட்டுக்குள் வேறு வேறு ஊர்க்காரப் பெண்களுக்கு ஒரே முகவரி வந்தால், அந்த வீட்டுக்காரியைத் தேடுங்கள். அவளிடமிருந்து பல குடும்பங்களின் நூல் பிரியும்.

ஊர்ப் பக்கத்து முகவரி

அயர்லாந்து 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. நம் ஊர்க் குக்கிராமத்தைவிடச் சிறியது. சிலவற்றில் நான்கைந்து வீடுதான். கில்மோர் போன்ற ஒரே பெயர் பல கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) வரும். அதனால் முகவரியில் பெயர், டவுன்லேண்டு, பக்கத்துத் தபால் ஊர், கவுண்டி என்று நான்கும் வேண்டும். கவுண்டி விட்டுப்போனால் கடிதம் அலையும். தபால் ஊரை விட்டால் டப்ளினில் யாராவது ஊகிக்க வேண்டும். போதாததற்கு ஐரிஷ் ஊர்ப்பெயர்களை 1820களிலும் 1830களிலும் நில அளவைத் துறை ஆங்கில எழுத்தில் ஒருவிதமாகப் பதிந்தது. ஊர்க்காரர்கள் காதால் கேட்டபடி வேறுவிதமாக எழுதினார்கள்.

ஆள் பெயரும் குழப்பும். மூத்த பெண்ணுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாவது பெண்ணுக்கு அப்பாவின் அம்மா பெயர் என்று வைத்துக்கொண்டே போனதால், ஒரு டவுன்லேண்டில் நான்கு மேரி சலிவன் இருப்பார்கள். கார்க் கவுண்டியின் மேற்கே பேரா தீபகற்பத்தில் சலிவன்களைப் பிரித்தறியக் கிளைப் பட்டப்பெயர்களே நடைமுறையில் இருந்தன. அங்கே அல்லிஹீஸ் செம்புச் சுரங்கம் நொடித்தபின் அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்து பியூட் நகரச் சுரங்கங்களுக்குக் கூட்டமாகப் போனவர்கள் அந்தப் பட்டப்பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள். உறையில் அப்பா பெயரையோ பட்டப்பெயரையோ சேர்க்காத கடிதம் வேறு மேரி வீட்டில் பிரிக்கப்படும். உள்ளே பணமும் இருந்தால் சண்டை நிச்சயம்.

எழுதுவதும் வாசிப்பதும்

1831-இல் தேசியப் பள்ளிகள் தொடங்கியபோது பாடமொழி ஆங்கிலம். வீட்டில் ஐரிஷ் பேசி வளர்ந்த அக்காவுக்கும் தங்கைக்கும் எழுதத் தெரிந்தது ஆங்கிலம் மட்டுமே, அதுவும் தெரிந்தால். 1841 மக்கள்தொகைக் கணக்கில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்குமேல் படிக்கத் தெரியாதவர்கள். ஆகவே அக்கா ஐரிஷில் சொல்ல, தோழியோ எஜமானியின் மகளோ ஆங்கிலத்தில் எழுத, மறுகரையில் பள்ளி வாத்தியாரோ பங்குச் சாமியாரோ படித்து ஐரிஷில் சொல்ல, அம்மா கேட்பாள். இரண்டு முறை மொழி மாறி, நான்கு பேர் வாய்க்குள் புகுந்து வந்த செய்தி அது. ஒரே கட்டுக்குள் கையெழுத்து மூன்று விதமாக இருந்தால், எழுதிய பெண் மாறினாள் என்று முடிவு கட்டக்கூடாது. எழுதிக் கொடுத்தவர் மாறியிருப்பார்.

கடிதத்துக்கு ஒரு வார்ப்பு உண்டு. இந்தச் சில வரிகள் உங்களை நல்ல சுகத்தோடு காணும் என்று நம்புகிறேன், கடவுள் கிருபையால் நானும் அப்படியே என்ற தொடக்கம் ஆயிரக்கணக்கான கடிதங்களில் வரும். நலம், நலமறிய ஆவல் என்று எழுதி வளர்ந்த நமக்கு அதில் அந்நியம் ஒன்றுமில்லை. இதை வெறும் சடங்கென்று தாண்டிவிடாதீர்கள். இத்தனாம் தேதி எழுதிய உன் கடிதம் கிடைத்தது என்ற அடுத்த வாக்கியம்தான் தொடர்பின் முதுகெலும்பு. அதில் தேதி சொல்லாவிட்டால் நடுவில் ஒரு கடிதம் கடலோடு போனதா என்று மறுகரைக்குத் தெரியாது. அதன்பிறகு பணம் கிடைத்த விவரம், உடல்நலம், யார் இறந்தார்கள், யார் கப்பலேறினார்கள், விசாரித்தவர்களின் நீண்ட பெயர் வரிசை, கடைசியில் பதில் போடும் முகவரி. குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு அந்தப் பெயர் வரிசையைப் போலப் பயன்படும் இடம் வேறில்லை. அக்கம்பக்கத்து வீடுகள் அதில் வரிசையாக நிற்கும்.

அமெரிக்கக் கடிதம் ஊருக்குப் பொது. அக்கம்பக்கம் கூடி அடுக்களையில் உரக்கப் படிப்பார்கள். அண்ணன் குடிப்பதைப் பற்றியோ, கல்யாணத்துக்குக் கேட்டவனைப் பற்றியோ அதில் எழுத முடியாது. தங்கைக்கு மட்டும் என்றால் தனித் துண்டுச் சீட்டு, மடிப்புக்குள் மடிப்பாக. இந்தத் துண்டுகள் பெரும்பாலும் படித்ததும் அடுப்பில் போனவை. அதனால்தான் கையில் மிஞ்சிய கடிதங்கள் சற்று வறட்சியாகத் தெரிகின்றன. மனசு இருந்த தாள் எரிந்துவிட்டது.

எழுத நேரமோ ஆளோ இல்லாதவள் செய்தித்தாள் அனுப்புவாள். பத்திரிகைக்குத் தபால் கட்டணம் கடிதத்தைவிடப் பல மடங்கு குறைவு. மேலுறையில் அவள் கையெழுத்தைப் பார்த்தாலே உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். அயர்லாந்தின் காவல் புனிதர் பாட்ரிக்கின் திருநாளான மார்ச் 17-க்கு முன்னால் ஊரிலிருந்து சாம்ராக் என்ற மூவிலைச் செடியின் இலையைப் புத்தகத்தில் அழுத்திக் காயவைத்து அனுப்புவார்கள். 1860களுக்குப் பிறகு சிறிய அட்டைப் புகைப்படம் வரத் தொடங்கியது. தொப்பியும் கையுறையுமாக நிற்கும் அக்காவின் படம் எத்தனை தங்கைகளைக் கப்பலேற்றியிருக்கும் என்று எண்ண முடியாது.

பணமும் டிக்கெட்டும்

நியூயார்க்கில் 1841-இல் தொடங்கிய ஐரிஷ் குடியேறிகள் சங்கம் அயர்லாந்து வங்கியின் மீது மாற்றக்கூடிய சீட்டுகளை விற்றது. ஒரு பவுண்டோ இரண்டு பவுண்டோ சீட்டாக வாங்கிக் கடிதத்தில் வைத்தால் ஊரில் காசாக்கலாம். அந்தச் சங்கத்தாரே 1850-இல் சேம்பர்ஸ் தெருவில் எமிகிரண்ட் சேமிப்பு வங்கியை நிறுவினார்கள். 1871 முதல் தபால் மணியார்டரும் வந்தது. டாலர் நோட்டை நேராக உறையில் வைப்பது எப்போதும் இருந்த வழக்கம், எப்போதும் ஆபத்தான வழக்கம். சீட்டு தொலைந்தால் எண்ணைச் சொல்லி முறையிடலாம். நோட்டுக்கு எண் சொன்னாலும் பயனில்லை.

தங்கமாற்று நிலையாக இருந்த காலத்தில் ஒரு பவுண்டுக்கு 4 டாலர் 87 சென்ட் அளவு. 1864 கோடையில் காகித டாலர் விழுந்தபோது அதே பவுண்டுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் தர வேண்டியிருந்தது. சம்பளம் அப்படி ஏறவில்லை. அந்த வருடத்துக் கடிதங்களில் பணம் குறைந்திருந்தால் அக்காவின் கை சுருங்கியதென்று எண்ண வேண்டாம்.

எப்போது அனுப்புவது என்பதிலும் கணக்கு உண்டு. அயர்லாந்தில் குத்தகை ஆண்டுக்கு இரு தவணை. பல எஸ்டேட்டுகளில் மே மாதமும் நவம்பரும். கெடு நாளுக்கு முன் பணம் வேண்டுமென்றால் ஏப்ரல் தொடக்கத்திலும் அக்டோபர் தொடக்கத்திலும் பாஸ்டனில் தபாலில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, கிறிஸ்துமஸ் பணம். நவம்பர் கடைசியில் போட்டால்தான் நிம்மதி. தேதியில்லாத கடிதத்தில் குத்தகை பற்றிய பேச்சு வந்தால் மாதத்தை இதை வைத்தே கணிக்கலாம்.

முன்பணம் கட்டிய கப்பல் டிக்கெட்டுதான் அக்கா அனுப்பிய மிகப் பெரிய பரிசு. அமெரிக்காவில் முகவரிடம் பணம் கட்டித் தங்கையின் பெயர், வயது கொடுத்து வாங்குவாள். தங்கை கப்பல் அலுவலகத்துக்கு எழுதி நாள் குறித்துக்கொண்டு, தெற்கே என்றால் இன்று கோவ் என்று பெயர் மாறியிருக்கும் குயின்ஸ்டவுனுக்கும், வடக்கே என்றால் டெர்ரிக்கும் போவாள். நியூயார்க்கில் இறங்கும் இடம் 1855 முதல் காசில் கார்டன், 1892 முதல் எல்லிஸ் தீவு. தனியாக வந்த பெண்ணை எல்லிஸ் தீவில் உறவினர் வந்து கூட்டிப்போகும்வரை விடமாட்டார்கள். கப்பல் செவ்வாய்க்கிழமை வந்து, அக்காவுக்கு வியாழன் மட்டுமே விடுமுறை என்றால்? இந்த மாதிரி இடைவெளியை நிரப்பத்தான், காசில் கார்டன் காலத்திலேயே, ஷார்லட் கிரேஸ் ஓபிரையன் என்ற ஐரிஷ் பெண்மணி 1880களின் தொடக்கத்தில் வாதாடினார். அதன் பலனாகப் பாதிரியார் ஜான் ரியோர்டன் தலைமையில் ஐரிஷ் பெண்களுக்கான ஜெபமாலை மாதா இல்லம் தொடங்கி, நியூயார்க்கின் ஸ்டேட் தெரு 7-ஆம் எண் வீட்டில் நிலைகொண்டது. காசில்லாத பெண்ணுக்கும் படுக்கையும் சாப்பாடும் தந்தார்கள். யார் வந்தாள், யாரிடம் போனாள் என்று பேரேட்டில் எழுதி வைத்தார்கள்.

கல்யாணம் ஆனபின்

இவ்வளவையும் தாண்டி நின்ற தொடர்பு அறுவது பெரும்பாலும் கல்யாணத்தில். அயர்லாந்துக் கிராமத்தில் பெண்ணைக் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே அழைப்பார்கள். அமெரிக்காவில் கணவன் பெயர்தான் செல்லும். ஊரிலிருந்து பிரிட்ஜட் லியரி என்று எழுதிய கடிதம், கணவன் பெயரில் அறியப்படும் பெண்ணின் கட்டடத்தில் வந்து யாருமில்லை என்று திரும்பும். முதற்பெயரும் நிற்பதில்லை. வீட்டுவேலைக்காரியைக் கேலி செய்யும் பெயராகவே பிரிட்ஜட் ஆகிப்போனதால் பலர் டெலியா ஆனார்கள். ஹொனோரா என்பவள் நோரா அல்லது ஹானா. கார்க், கெரி பக்கத்து கோப்நைட், அபிகெயில் என்றோ அபி என்றோ ஆவாள். குடும்பப் பெயரின் முன்னால் உள்ள ஓ வரும், போகும்.

ஆன்னி மூர் இதற்கு எல்லோரும் அறிந்த சாட்சி. 1892 ஜனவரி 1 அன்று எல்லிஸ் தீவில் முதலில் பதிவான குடியேறி, கார்க் நகரத்துப் பெண், நெவாடா கப்பலில் இரண்டு தம்பிகளோடு வந்தவர். டெக்சாஸில் இறந்த ஓர் ஆன்னி மூர்தான் அவர் என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். அந்த அம்மாள் பிறந்ததே இல்லினாய்ஸில் என்றும், உண்மையான ஆன்னி ஷேயர் என்பவரை மணந்து நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியிலேயே வாழ்ந்து 1924-இல் இறந்தார் என்றும் 2006-இல் வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலன்யாக் நிறுவினார். துறைமுகத்தில் தங்க நாணயம் கொடுத்து வரவேற்கப்பட்ட பெண்ணுக்கே இந்தக் கதி.

தொலைந்தவர்களைத் தேட பாஸ்டன் பைலட் என்ற கத்தோலிக்கப் பத்திரிகை 1831 அக்டோபர் முதல் 1921 அக்டோபர் வரை 'காணாமற்போன நண்பர்கள்' பத்தியை வெளியிட்டது. நல்ல விளம்பரத்தில் இவை இருக்கும்: முழுப்பெயர், பெண்ணென்றால் பிறந்த வீட்டுப் பெயர், டவுன்லேண்டு, பங்கு, கவுண்டி, எந்த மாதம் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறினாள், கடைசியாக எங்கிருந்து கடிதம் வந்தது, தேடுவது யார், எந்த முகவரிக்குத் தெரிவிக்க வேண்டும். கடைசிக் கடிதம் வந்த ஊரைச் சொல்லாத விளம்பரம் பெரும்பாலும் பயன்படாது. பத்திரிகை கைமாறிக் கைமாறி ரயில்பாதைக் கூலி முகாம் வரை போகும். அங்கே யாராவது ஊர்ப்பெயரைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்ல வேண்டும். பாஸ்டன் கல்லூரி இந்த விளம்பரங்களைத் தேடத்தக்க தொகுப்பாக்கியிருக்கிறது.

கட்டு கையில் இருந்தால்

முதலில் உறையைத் தூக்கி எறியாதீர்கள். முத்திரை மங்கியிருந்தாலும் ஸ்டாம்பின் மதிப்பே காலத்தைச் சொல்லும்: 24 சென்ட் என்றால் 1868-க்கு முன், 12 என்றால் 1868, 69, 6 என்றால் 1870 முதல் 75-க்குள், 5 என்றால் 1908 வரை. ஊரிலிருந்து போனதில் பிரிட்டிஷ் ஸ்டாம்பின்மேல் ஐரிஷ் எழுத்து அச்சிட்டிருந்தால் 1922 பிப்ரவரிக்குப் பின். குறுக்கெழுத்துக் கடிதத்தைச் சாய்ந்த வெளிச்சமில்லாமல் பகல் ஒளியில் படமெடுத்து, ஒரு பிரதியைக் கால்வட்டம் திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திசையாகப் படியுங்கள். இரண்டு வெள்ளைத் தாள் துண்டுகளை வரிக்கு மேலும் கீழும் வைத்து ஒரு வரி மட்டும் தெரியும்படி செய்தால் கண் தடுமாறாது.

அந்தக் காலத்து மை கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்தது. நாளாக ஆகப் பழுப்பாகித் தாளையே அரிக்கும். ஈரம் பட்டால் அரிப்பு வேகமாகும். ஆகவே லேமினேஷன் கூடாது, செல்லோடேப் கூடாது, நனைத்துப் பிரிப்பது கூடவே கூடாது. அமிலமற்ற தாளுறையில், மடிப்பு நீக்கி, வெயிலும் புழுக்கமும் படாத அலமாரியில் வையுங்கள். ஊர்ப் பக்கத்தில் தேட 1901, 1911 மக்கள்தொகைக் கணக்குகள் இணையத்தில் இலவசம். அதற்கு முந்தையவற்றில் பெரும்பகுதி மிஞ்சவில்லை; 1821 முதல் 1851 வரையிலானவை 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் போயின, 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்தது. எனவே கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள்தான் கதி. அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றை 2015-இல் இணையத்தில் ஏற்றியது. அமெரிக்கப் பக்கம் எமிகிரண்ட் வங்கியின் சோதனைப் பேரேடுகளைப் பாருங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத கணக்குதாரரை அடையாளம் காண, பிறந்த ஊர், பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், வந்த கப்பல் என்று கேட்டு எழுதிவைத்திருப்பார்கள். தொலைந்த அக்காவைப் பற்றி அந்த வரிகளில் இருப்பது வேறெங்கும் இருக்காது.

கம்பியும் குரலும்

1866-இல் அட்லாண்டிக் கம்பி கெரி கவுண்டியின் வாலன்ஷியா தீவில்தான் கரையேறியது. 20 சொற்களுக்கு 20 பவுண்டு. வேலைக்காரப் பெண்ணின் ஒரு வருடச் சம்பளத்துக்கும் மேல். வீட்டு வாசலில் கம்பி இருந்தும் கெரிப் பெண்களுக்கு அது உதவவில்லை. இருபது வருடம் கழித்துச் சொல்லுக்கு ஒரு ஷில்லிங் என்றானபோதுதான் சாவுச் செய்தியாவது தந்தியில் போனது. 1927-இல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தொலைபேசி தொடங்கியபோது மூன்று நிமிடத்துக்கு 15 பவுண்டு.

இங்கிலாந்துக்குப் போன தலைமுறை தொலைபேசிப் பெட்டியில் காசு போட்டுப் பேசியது. எதிர்முனையில் குரல் கேட்டபின் ஏ பொத்தானை அமுக்க வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் பி பொத்தான் காசைத் திருப்பித் தரும். 1970களிலும் அயர்லாந்தில் வீட்டு இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு இருந்ததால், ஞாயிறு இத்தனை மணிக்குக் கடைக்கு வா என்று முன்கூட்டியே கடிதத்தில் குறித்துவிட்டுத்தான் கூப்பிட முடியும். 1979 பிப்ரவரி முதல் ஜூன் வரை 18 வாரம் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்தக் குறிப்பு அனுப்பும் வழியும் அடைபட்டது.

இன்று சிட்னியில் இருக்கும் அக்காவுக்கும் அயர்லாந்தின் மேயோவில் இருக்கும் தங்கைக்கும் காசு பிரச்சினை இல்லை, கடிகாரம்தான் பிரச்சினை. ஐரிஷ் குளிர்காலத்தில் சிட்னி 11 மணிநேரம் முன்னால், கோடையில் 9, கடிகாரத்தை மாற்றும் இடைப்பட்ட வாரங்களில் 10. பாஸ்டனுக்கு 5 மணிநேர வித்தியாசம். மார்ச்சில் இரண்டு, மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் அது 4 ஆகும், ஏனென்றால் அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒரே ஞாயிறில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. வழக்கமான அழைப்பு நேரத்தை எந்த ஊர்க் கணக்கில் வைப்பது என்று முன்பே பேசிக்கொள்ளாதவர்கள் இந்த வாரங்களில்தான் ஒருவரையொருவர் தவறவிடுகிறார்கள்.

சாவு வீடுதான் இன்றும் கடினம். அயர்லாந்தில் இறந்து இரண்டு மூன்று நாளுக்குள் அடக்கம் முடிந்துவிடும். விசா காலம் தாண்டி அமெரிக்காவில் தங்கியிருப்பவள் போகவே முடியாது: 1996 சட்டப்படி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருடம், ஒரு வருடத்துக்கு மேலென்றால் 10 வருடம் திரும்பி நுழையத் தடை. அவள் ஆர்ஐபி.ஐஇ என்ற ஐரிஷ் மரண அறிவிப்புத் தளத்தில் அறிவிப்பைப் பார்த்து, பூசை நேரத்தையும் கோயில் நேரலை இணைப்பையும் எடுத்துக்கொள்கிறாள். பூசை காலை 11 மணி என்றால் பாஸ்டனில் 6. நேரலை பெரும்பாலும் கோயிலுக்குள் மட்டுமே. கல்லறைக்குப் போகும்போது தங்கையோ தம்பி மகனோ கைபேசியைப் பிடிக்க வேண்டும். யார் பிடிப்பது என்பதை முந்தின இரவே பேசி வையுங்கள். மலைப்பக்கத்துக் கல்லறைகளில் சிக்னல் கிடைப்பது அரிதென்பதால், நேரலைக்கு முயலாமல் பதிவு செய்து பிறகு அனுப்பச் சொல்லுங்கள்.